எங்க சங்கத்துல நாற்காலி இருக்கு, ஆள் இல்ல

டவுன்ல இருக்கிறவங்ககிட்ட கூட்டுறவுச் சங்கம்னு சொன்னா ரேஷன் கடைதான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு அது அதுக்கும் மேல. பயிர்க்கடன் அங்கதான், நகைக்கடன் அங்கதான், யூரியா மூட்டையும் அங்கதான். அதோட முழுப்பேரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். தமிழ்நாட்டுல இப்படி 4,400 சங்கத்துக்கு மேல இருக்கு. உங்க அப்பாவோ தாத்தாவோ விவசாயம் பார்த்தவங்களா இருந்தா, அவங்க பேருல ஒரு சங்கத்துல 100 ரூபாயோ 500 ரூபாயோ பங்குத்தொகை இன்னும் கிடக்கும்.

அவனியாபுரத்துல விவசாயமான்னு சில பேர் கேக்கிறீங்க. நியாயமான கேள்விதான். 2011ல இருந்து நாங்க மதுரை மாநகராட்சிக்குள்ள இருக்கோம். ஊருக்குள்ள பூராவும் வீடாகிப் போச்சு. ஆனா ரிங் ரோட்டைத் தாண்டி பெருங்குடி, வலையங்குளம் பக்கம் போனீங்கன்னா இன்னும் மல்லிகைத் தோட்டம் இருக்கு, கண்மாயில தண்ணி கிடந்தா நெல்லும் போடுறோம். தலைக்கு மேல விமானம் இறங்கும், கீழ நாங்க பூப் பறிச்சுக்கிட்டு இருப்போம். அந்தக் காட்டுக்குக் கடன் கொடுக்கிற சங்கத்தைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். எந்தச் சங்கம்னு பேர் சொல்லப் போறதில்ல. தமிழ்நாடு முழுக்க இதே கதைதான், ஒரு சங்கத்து மேல மட்டும் பழி போடுறது நியாயமில்ல.

சட்டப்படி சங்கத்தை நடத்த வேண்டியது அதிகாரி இல்ல, நிர்வாகக் குழு. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு 11 பேரைத் தேர்ந்தெடுக்கணும். பெண்களுக்கும் ஆதிதிராவிடருக்கும் அதுல இட ஒதுக்கீடு உண்டு. அந்தக் குழு தனக்குள்ள ஒரு தலைவரையும் ஒரு துணைத் தலைவரையும் வச்சுக்கும். மாசாமாசம் கூட்டம் போட்டு, யாருக்குக் கடன், யாரைப் புதுசா உறுப்பினராச் சேர்க்கிறது, எவ்வளவு உரம் எடுக்கிறதுன்னு தீர்மானம் போடும். செயலாளர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரு, குழு சொல்றதை நடத்துறது அவர் வேலை.

கடைசியா இந்தத் தேர்தல் நடந்தது 2018ல. பல கட்டமா நடந்துச்சு. வேட்புமனுவை வாங்க மாட்டேங்கிறாங்க, வாங்கினாலும் தள்ளுபடி பண்றாங்கன்னு ஊருக்கு ஊர் சத்தம். ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட்டுன்னு போய்த்தான் ஒரு வழியா முடிஞ்சுது. அந்தக் குழுக்களோட 5 வருஷம் 2023ல முடிஞ்சுது. மறுநாள்ல இருந்து தனி அலுவலர். நான் இதை எழுதுற 2025லயும் அதே தனி அலுவலர்தான். 11 பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரே ஒரு கையெழுத்து.

தனி அலுவலர்னா கலெக்டர் மாதிரி பெரிய அதிகாரின்னு நினைச்சுக்காதீங்க. கூட்டுறவுத் துறையில சார்பதிவாளரோ முதுநிலை ஆய்வாளரோ, ஏற்கனவே ஒரு வேலை பார்த்துக்கிட்டு இருக்கிறவருகிட்ட இதையும் சேர்த்துப் பாருங்கன்னு கொடுத்துர்றாங்க. எங்களுக்கு இருந்தவருக்கு எங்க சங்கத்தோட சேர்த்து நாலு சங்கம். வாரத்துல ஒரு நாள் வருவாரு, அது வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமை தணிக்கையோ மீட்டிங்கோ வந்துட்டா அடுத்த வியாழன். மனுஷன் மோசமானவரு இல்ல. மரியாதையாப் பேசுவாரு, காசு கேட்டதில்ல. ஆனா அவர் ஒருத்தரு.

போன வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்றேன். மல்லிகைக்குக் கார்த்திகைக் கடைசியில கவாத்து வெட்டணும். வெட்டி, பாத்தியைக் கொத்தி, தொழு உரம் போட்டு, உரம் வச்சாத்தான் மாசி பங்குனியில கிளை கட்டி மொட்டு வரும். வெட்டுக்கூலி, கொத்துக்கூலி, எரு எல்லாம் ஒரே மாசத்துல கையில காசு கேக்கும். அந்த நேரத்துல பூவும் இருக்காது, வருமானமும் இருக்காது. பயிர்க்கடன்னு ஒண்ணு இருக்கிறதே அந்த ஒரு மாசத்துக்குத்தான். தவணை தவறாமக் கட்டினா நமக்கு வட்டி கிடையாது, அரசாங்கமே கட்டிரும்.

ஐப்பசியிலயே சிட்டா, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல், ஆதார், பாஸ்புக்கு எல்லாம் சேர்த்து மனு கொடுத்துட்டேன். பழைய கடன் பைசா பாக்கியில்ல. ரெண்டு வியாழன் அவர் வரல. மூணாவது வியாழன் வந்தாரு, என் ஃபைல் அடுக்குல கீழ இருந்துச்சு. நாலாவது வாரம் அவருக்கு மாறுதல் வந்துருச்சு. புதுசா வந்தவரு பொறுப்பு எடுக்கணும், அவரோட மாதிரிக் கையெழுத்து மத்திய கூட்டுறவு வங்கிக்குப் போய்ப் பதிவாகணும், அதுக்கு அப்புறந்தான் செக் பாஸாகும். செயலாளர் தம்பிகிட்டக் கேட்டேன்.

"அண்ணே, நான் எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட ஆள் வேணுமில்ல?"

"பழையபடி தலைவர் இருந்தா?"

"தலைவர் இருந்தா நீங்க ராத்திரி அவர் வீட்டுக்கே போயிருப்பீங்கண்ணே."

உண்மைதான். தலைவர் வீடு தெரியும், தோட்டம் தெரியும், எத்தனை மணிக்கு டீக்கடைக்கு வருவாருன்னு தெரியும். தனி அலுவலர் வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் யாரு.

பணம் தையில வந்துச்சு. கவாத்துக்குத் தை வரைக்கும் காத்திருக்க முடியாது. அதனால பூ மார்க்கெட்டுல கமிஷன் கடையில 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். அதுக்கு வட்டின்னு யாரும் எழுத மாட்டாங்க. ஆனா சீசன் பூராவும் பூவை அந்தக் கடைக்குத்தான் போடணும். கமிஷன் போக, வெளியில போற விலையில கிலோவுக்கு 10 ரூபாய் குறைச்சுத்தான் நமக்கு விழும். நாள் ஒண்ணுக்கு 8 கிலோன்னு வச்சுக்கோங்க, 80 ரூபாய். 150 நாளைக்கு 12,000 ரூபாய். வாங்கின 30,000 அப்படியே பாக்கி நிக்கும், அதைத் தனியாக் கட்டணும். வட்டியில்லாக் கடன் ரெண்டு மாசம் தள்ளி வந்ததுக்கு நான் கொடுத்த வட்டி அது. இந்தக் கணக்கு எந்த அரசாங்க ரெஜிஸ்டர்லயும் ஏறாது. சங்கத்து ஏட்டைப் பார்த்தா எனக்குக் கடன் வழங்கப்பட்டதுன்னு அழகா எழுதியிருக்கும்.

என் கதையாவது காசோட போச்சு. பக்கத்துக் காட்டு அக்கா ஒருத்தவங்க, வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருஷமாச்சு. நிலம் அவங்க பேருக்கு மாறிருச்சு, பட்டா வந்துருச்சு. சங்கத்துல உறுப்பினர் அவருதான், அக்கா இல்ல. உறுப்பினராச் சேராமப் பயிர்க்கடன் கிடையாது. சேர்க்கணும்னா தீர்மானம் வேணும். "தேர்தல் வரப்போகுது, உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்துக்கிட்டு இருக்காங்க, அது முடியட்டும்"னு ஒவ்வொரு தடவையும் பதில் வருது. தேர்தல் வரல, பட்டியலும் முடியல. அந்த அக்கா இப்போ மகளிர் குழுக் கடன்ல தோட்டத்தை ஓட்டுறாங்க, அதுக்கு வாராவாரம் தவணை. பூ வாராவாரம் ஒரே மாதிரியா பூக்கும்?

இப்போ கொஞ்சம் பழைய கதை. இந்தக் கூட்டுறவு யோசனை ஜெர்மனியில இருந்து வந்தது. அங்க ரைஃபைசன்னு ஒரு ஊர்த் தலைவர், பஞ்சத்துல விவசாயிங்க கந்துவட்டியில மாட்டிக்கிட்டதைப் பார்த்து, ஒரே ஊர்க்காரங்க சேர்ந்து தங்களுக்குத் தாங்களே கடன் கொடுக்கிற சங்கத்தை ஆரம்பிச்சாரு. யார் யோக்கியன், யார் எவ்வளவு கட்ட முடியும்னு ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்ங்கிறது அதோட அடிப்படை. நம்ம மதராஸ் மாகாணத்துல ஃபிரெடெரிக் நிக்கல்சன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஐரோப்பாவுக்குப் போய் இதையெல்லாம் பார்த்து 1895லயும் 1897லயும் அறிக்கை கொடுத்தாரு. 1904ல சட்டம் வந்துச்சு. அதே வருஷம் இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற திரூர்ல விவசாயிகளுக்கான சங்கம் பதிவாச்சு. இந்தியாவிலேயே முதல் சங்கம்னு அதைத்தான் சொல்றாங்க. ஆக, வெள்ளைக்காரன் காலத்துலயே ஊர்க்காரன் நடத்தணும்னு ஆரம்பிச்ச விஷயம் இது.

சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கப் பணம் உள்ள வந்துச்சு. பங்கு மூலதனம், வட்டி மானியம், தள்ளுபடி. 2021 பிப்ரவரியில மட்டும் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணினாங்க, 16 லட்சத்துக்கு மேல விவசாயிகளுக்கு. நல்ல விஷயம்தான், இல்லேங்கல. ஆனா பணம் கொடுக்கிறவன் சாவியையும் வச்சுக்கிறான். எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும், எதிர்க்கட்சிக்காரங்க குழுவுல இருந்தா கலைக்கணும், தன் ஆள் வர்ற நேரம் பார்த்துத் தேர்தல் வைக்கணும், அதுவரைக்கும் அதிகாரி கையில இருக்கட்டும்னு நினைக்குது. 2013ல தேர்தல் வர்றதுக்கு முன்னாடியும் பல வருஷம் எங்களுக்குத் தனி அலுவலர்தான்.

இதைத் தடுக்கத்தான் அரசியல் சட்டத்துலயே 97வது திருத்தம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. 2012ல அமலுக்கு வந்துச்சு. குழுவோட காலம் 5 வருஷம், அது முடியுறதுக்கு முன்னாடியே தேர்தல் நடத்திரணும், இடையில கலைச்சாலும் 6 மாசத்துக்கு மேல அப்படியே வைக்கக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் 2013ல தேர்தல், 2018ல தேர்தல்னு வரிசையா நடந்துச்சு. 2021 ஜூலையில சுப்ரீம் கோர்ட், மாநிலங்கள்ல பாதியாவது ஒப்புதல் கொடுக்காம இந்தத் திருத்தம் மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாதுன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. கூட்டுறவு மாநிலத்தோட அதிகாரம், டெல்லி தலையிடக் கூடாதுங்கிறது அதோட நியாயம். அந்த நியாயத்தை நானும் ஒத்துக்கிறேன். ஆனா டெல்லிகிட்ட இருந்து மீட்ட அதிகாரம் சென்னையோட நின்னுருச்சு, அவனியாபுரம் வரைக்கும் வரல.

2022 ஜனவரியில நம்ம சட்டசபையில குழுவோட காலத்தை 5 வருஷத்துல இருந்து 3 வருஷமாக் குறைக்க மசோதா போட்டாங்க. அது நடைமுறைக்கு வர்றதுக்குள்ள 5 வருஷம் தானா முடிஞ்சு போச்சு. காலத்தைக் குறைக்க இருந்த அவசரம், அடுத்த குழுவை உட்கார வைக்கிறதுல இல்ல. செத்தவங்க பேரு, ரெண்டு தடவை இருக்கிற பேரு, நிலமே இல்லாதவங்க பேரு எல்லாத்தையும் எடுத்துட்டுத் தேர்தல் வைப்போம்னு காரணம் சொல்றாங்க. காரணம் பொய்யில்ல. எங்க சங்கத்துப் பட்டியல்லயே இறந்து போனவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா அவங்களைக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் எதுக்கு? உள்ளூர்ல ஒரு சாயங்காலம் டீக்கடையில உக்காந்தா பட்டியல் சுத்தமாயிரும். ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்னு அந்த ஜெர்மன்காரர் சொன்னது இதைத்தானே.

இதைச் சொன்னா என் மச்சான் சண்டைக்கு வர்றாரு. "தலைவர் இருந்தப்ப என்ன கிழிச்சாங்க மாமா? அவன் கட்சிக்காரனுக்கு முதல்ல கடன், மத்தவனுக்கு மிச்சம். நகைக்கடன்ல நடந்த கூத்து பேப்பர்லயே வந்துச்சுல்ல. ஆபீசர் இருந்தா அந்தத் தொல்லை இல்லை."

அவர் சொல்றதுல தப்பில்ல. பல சங்கங்கள்ல கவரிங் நகைக்குக் கடன் கொடுத்தது, ஆள் இல்லாத பேருக்குக் கடன் கொடுத்தது எல்லாம் விசாரணையில வெளிய வந்துச்சு. எங்க பழைய குழுவுலயும் போட்டியில்லாம வந்தவங்கதான் அதிகம். ஓட்டுப் போட்ட ஞாபகமே பல பேருக்கு இல்ல. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த முறைகேடு நடந்தப்பவும் துறையோட அதிகாரிங்க இருந்தாங்க, தணிக்கை இருந்துச்சு. சட்டத்துல 81வது பிரிவு விசாரணை இருக்கு, 87வது பிரிவுல நஷ்டத்தைத் தலைவர்கிட்டயே வசூலிக்கலாம். தப்புப் பண்ணின தலைவரைத் தண்டிக்க வழி இருக்கு. கையெழுத்துப் போடாம ரெண்டு மாசம் போனதுக்கு யாரைத் தண்டிக்கிறது? அதுக்குப் பிரிவு எதுவும் இல்ல. மோசமான தலைவரைத் திட்டவாவது முடியும், அடுத்த தேர்தல்ல தோக்கடிக்க முடியும். காலி நாற்காலியைத் தோக்கடிக்க முடியாது.

இன்னொண்ணு, குழு இருந்தா மேல இருந்து வர்ற உத்தரவுக்குக் கீழ இருந்து ஒரு பதிலாவது போகும். இந்த வருஷம் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கணும்னு ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. கமிஷன் கடைக்காரன்கிட்டயும் மைக்ரோ ஃபைனான்ஸ்லயும் கடன் வாங்கித்தான் விவசாயம் ஓடுது, இதுல சிபில் பார்த்தா பாதிப் பேருக்குக் கடனே கிடைக்காது. விவசாயச் சங்கங்கள் ரோட்டுல இறங்கின பிறகுதான் அரசு இறங்கி வந்து விளக்கம் சொல்லுச்சு. 11 விவசாயி உக்காந்திருக்கிற கூட்டத்துல அந்தக் காகிதத்தைப் படிச்சிருந்தா, அன்னைக்கே "இது நடக்காது சார்"னு தீர்மானம் போட்டு அனுப்பியிருப்பாங்க. ஒவ்வொரு விஷயத்துக்கும் ரோட்டுக்கு வர்றதுக்கு எங்களுக்கும் வேலை இருக்கு.

இது எங்க சங்கத்தோட நோய் மட்டும் இல்ல. எங்க ஊருல இருந்து பத்து மைல்குள்ள சுத்திப் பாருங்க. நாகமலைப் பக்கம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 2024ல துணைவேந்தர் விலகின பிறகு கன்வீனர் கமிட்டி நடத்துது. தேடுதல் குழுவுல யார் யார் பிரதிநிதி இருக்கணும், யுஜிசி ஆள் ஒருத்தர் வேணுமா வேண்டாமான்னு கவர்னருக்கும் அரசுக்கும் வழக்கு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மதுரை மாவட்டத்துக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2025 ஜனவரி 5ஓட காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாச்சு. 2016ல இருந்து 2019 வரைக்கும் அங்க இதே கதைதான் ஓடுச்சு. ஏன், எங்க ஊர் ஜல்லிக்கட்டு? விழாக் கமிட்டியில யார் யார் இருக்கிறதுன்னு தகராறாகி, 2020ல ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தர் தலைமையில நடந்துச்சு. காளை அவிழ்க்கிற வேலைக்குக்கூட ஊர்க்காரங்க ஒரு குழுவுல உக்கார முடியலைன்னா, தப்பு எங்ககிட்டயும் இருக்கு.

பெரிய இடத்துலயும் இதுதான். காவிரி மேலாண்மை ஆணையத்துக்கு 2018ல எல்லா மாநிலமும் பிரதிநிதி பேரைக் கொடுத்தாங்க, கர்நாடகம் மட்டும் இழுத்தடிச்சுது. ஆணையம் கூடாம இருந்தா தண்ணி விடச் சொல்ல ஆளே இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். கடைசியில ஜூன் 22ஆம் தேதி மத்திய அரசே கர்நாடக அதிகாரிங்க பேரைப் போட்டு ஆணையத்தை அமைச்சுது, ஜூலை 2ஆம் தேதி முதல் கூட்டம் நடந்துச்சு. அன்னைக்கு நாமெல்லாம் கர்நாடகத்தைத் திட்டினோம். பேரைக் கொடுக்காம இருக்கிறதும் ஒரு முடிவுதான்னு அன்னைக்குப் புரிஞ்சுது. நம்ம ஊர்லயும் ஆள் போடாம வைக்கிறது சோம்பேறித்தனம்னு நான் நினைக்கல. யாருக்கோ அது வசதியா இருக்கு.

என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. பெரிய யோசனை எதுவும் என்கிட்ட இல்ல. தேர்தல் நடத்தக் கூட்டுறவுத் தேர்தல் ஆணையம்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கு. குழுவோட காலம் முடியுறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பட்டியலைச் சங்க வாசல்ல ஒட்டிட்டா ஆட்சேபணையை நாங்களே சொல்லிருவோம். தேர்தல் தள்ளிப் போனா, தனி அலுவலரோட சேர்த்து உறுப்பினர்கள்ல இருந்து நாலு பேரைக் கடன் மனு பார்க்கவாவது உக்கார வைக்கலாம். ஒரு அலுவலருக்கு ஒரு சங்கத்துக்கு மேல கொடுக்கக் கூடாது. அவர் மாறுதலாகும்போது அடுத்தவரோட கையெழுத்து வங்கிக்குப் போன பிறகுதான் இவரை விடணும். இதுக்கெல்லாம் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்ல.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்க அப்பா பேரு எந்தச் சங்கத்துல இருக்குன்னு கேளுங்க. அவரு இல்லேன்னா வாரிசு பேரை மாத்தச் சொல்லி மனு கொடுத்து, கொடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. தர மாட்டேன்னு சொன்னாலும் நின்னு வாங்குங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தருவாங்க. 2026ல சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட, எங்க ஊர்ச் சங்கத்துக்கு எப்போ தேர்தல்னு ஒரு கேள்வி போடுங்க. டவுன்காரர் வாயில இருந்து இந்தக் கேள்வி வந்தா அவங்க கொஞ்சம் திரும்பிப் பார்ப்பாங்க.

இந்தக் கார்த்திகைக் கவாத்துக்கு இன்னும் நாள் இருக்கு. இந்தத் தடவை புரட்டாசியிலயே மனு கொடுத்துருவேன்.